உருண்டைக்குப் பொருந்திய தலைக்கவசம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நலம், நலமறிய அவா என்று தொடங்குவது மரபு. நான் நலமாக இல்லை. உங்கள் நலத்தை அறியும் அவாவும் இந்த வாரம் எனக்குப் பெரிதாக எழவில்லை. எனினும் முதல் வரியிலேயே உறவை முறித்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்பதால், நீங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் உங்கள் பெயிண்ட் கடையும் குறைவின்றி இருக்க விரும்புவதாக எழுதிவைக்கிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். தொலைபேசியில் நீங்கள் சிரிப்பீர்கள். கடிதத்தைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அக்கா தலை நரைக்கும்வரை காத்திருந்து பெற்ற பதவி உயர்வு இது. ஊருக்குக் கிழக்கே புதிதாகத் திறந்திருக்கும் மருத்துவமனையில் தலைமைச் செவிலியர் வேலை. வருகிற திங்கட்கிழமை அவள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பேருந்தோ பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது. நான் வண்டி ஓட்டுபவன் அல்ல, நடப்பவன். கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தே காலத்தைக் கழித்தவன். இந்த நிலையில் பொறுப்புள்ள ஒரு தம்பி என்ன செய்வான்? மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துத் தருவான். அல்லது அத்தானிடம் வந்து, "என்ன செய்யலாம் அத்தான்" என்று ஒரு வார்த்தை கேட்பான். நீங்கள் கார் வாங்கியபின் சும்மா நின்றுகொண்டிருந்த மோட்டார் சைக்கிளை அக்காவிடம் கொடுத்தீர்கள். கொடுத்ததோடு விட்டீர்களா? விடியற்காலையில் பள்ளி மைதானத்துக்கு வரவழைத்து ஓட்டவும் கற்றுக்கொடுத்தீர்கள். எனக்கு அவள் சொன்னது, "வாக்கிங் போயிட்டு வரேங்க" என்பது. நல்ல பழக்கம், விடாதே என்று நான் பாராட்டினேன். அவள் திரும்பி வரும்போது செருப்பில் தூசி இருக்காது, கையில் கிரீஸ் இருக்கும். அது என்ன என்று கேட்டதற்கு, "பார்க் கேட்டுக்கு எண்ணெ போட்டிருக்காங்க" என்றாள். நம்பினேன். மனைவி நடந்துவிட்டு வருகிறாள் என்பதற்கு ஆதாரம் கேட்பவன் கணவன் அல்ல, காவல் நிலையம்.

வாசலில் வண்டி வந்து நின்ற அன்று நான் கத்தவில்லை. எங்கள் வீட்டில் நான் கத்தியது கிடையாது. அது உங்களுக்கும் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் நீங்கள் இவ்வளவும் செய்கிறீர்கள். நான் உணவு மேசையில் என் பூகோள உருண்டையை வைத்தேன். டார்ச் விளக்கைச் சூரியனாகப் பிடித்தேன். மருத்துவமனை இருப்பது நேர் கிழக்கே. காலையில் போகும்போது எழும் சூரியன் அவள் கண்ணில் அடிக்கும், மாலையில் திரும்பும்போது விழும் சூரியன் அவள் கண்ணில் அடிக்கும், போக வர இரண்டு வேளையும் கண் தெரியாமல் வண்டி ஓட்டுவதற்கென்றே இயற்கை வகுத்த சாலை அது என்று ஒரு புவியியல் பேராசிரியன் விளக்கவேண்டிய முறையில் விளக்கினேன். சாப்பிட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டாள். "சரிங்க, தம்பிகிட்ட கேக்கறேன்" என்றாள். சூரியனைப் பற்றி உங்களிடம் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கை கழுவிவிட்டு வருவதற்குள் உங்கள் பதில் வந்துவிட்டது. "அத்தான்கிட்ட சொல்லு, உள்ளேயே கூலிங் கிளாஸ் வச்ச ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் இருக்குன்னு."

என் வாதத்தின் ஆயுள் அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "நல்லது. தலைக்கவசத்தை நான்தான் தேர்ந்தெடுப்பேன். எனக்குத் திருப்தியானது கிடைக்கும்வரை அந்த வண்டியின் சக்கரம் உருளாது." அவள் உடனே, "சரிங்க" என்றாள். இத்தனை ஆண்டு இல்லறத்தில் இவ்வளவு சீக்கிரம் வந்த 'சரிங்க' வேறு எதுவும் இல்லை. நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, ஏனென்றால் எனக்கு என் திட்டம் இருந்தது. திங்கட்கிழமைக்குள் எனக்குத் திருப்தியானது எதுவும் கிடைக்கப்போவதில்லை. அதுதான் திட்டம்.

அவளைக் கடைக்குக் கூட்டிப்போனால் முதல் கடையிலேயே காரியம் முடிந்துவிடும் என்பதால் கூட்டிப்போகவில்லை. அவள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது தையல் நாடாவால் தலையைச் சுற்றி அளந்தேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் பக்கத்தைப் புரட்டினாள். அந்த அளவு என் பூகோள உருண்டையின் சுற்றளவோடு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. எண்ணைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் எதையாவது எடுத்து நீட்டுவார். பொருளையே கொண்டுபோனால் ஏமாற்ற முடியாது. உருண்டையை அதன் காலிலிருந்து கழற்றி, துணிப்பையில் போட்டு எடுத்துப்போனேன்.

ஹெல்மெட் கடைக்காரர் உருண்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கு சார்?"

"என் மனைவிக்கு."

"அம்மா வரலியா?"

"வரத் தேவையில்லை. அளவு இதுதான்."

"ஓ" என்றார். "கூலிங் கிளாஸ் உள்ள வச்சதா?"

"ஆம். முகம் முழுவதையும் மூடவேண்டும். உள்கண்ணாடி தனியாக ஏறி இறங்கவேண்டும். இடதுகைக் கட்டைவிரலால், பார்க்காமல், இயக்கக்கூடியதாக இருக்கவேண்டும்."

"எல்லாமே நல்லா இருக்கும் சார். சைஸ் பத்திக் கவலைப்படாதீங்க, போடப் போட இளகிடும்."

தலையா, கவசமா, எது இளகும் என்று கேட்டேன். அவர் ஒரு சிவப்புத் தலைக்கவசத்தை எடுத்து, உருண்டையின் மேல் கவிழ்த்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். பூமி உள்ளே போய்விட்டது. முகப்பு வழியே பசிபிக் பெருங்கடல் தெரிந்தது. "எப்படி சார்" என்று உள்கண்ணாடியை இறக்கினார், பசிபிக் இருண்டது. "அம்மாவுக்கு எடுப்பா இருக்கும்" என்றார். கழற்றச் சொன்னேன். வரவில்லை. உருண்டையின் தென்துருவத்தில் காலோடு பொருத்துவதற்கான ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். அது உள்பஞ்சில் குத்திக்கொண்டுவிட்டது. கடைக்காரர் கவசத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தார். "ஆப்பிரிக்கா வரைக்கும் வந்துடுச்சு சார், அதுக்கு மேல வரமாட்டேங்குது" என்றார். கடைக்கு வந்த வேறு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அவர்களில் ஒருவர், "உள்ள யாருங்க" என்று கேட்டதை நான் காதில் வாங்கவில்லை. கடைசியில் உலகத்தை உள்ளே வைத்தபடியே கவசத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உங்கள் அக்கா பிரசவ வார்டில் பாதி ஆயுளைக் கழித்தவள். மேசைமேல் வைத்ததும் ஒரு பார்வை பார்த்தாள். "இழுக்காதீங்க. திருப்பணும்" என்றாள். இரண்டு விரலை உள்ளே விட்டு, ஆணியை ஒதுக்கி, லேசாகத் திருப்பினாள். "பொறுமை, பொறுமை. தலை வந்துடுச்சு" என்று என்னிடம்தான் சொன்னாளா, உருண்டையிடம் சொன்னாளா தெரியவில்லை. உலகம் அவள் கையில் வந்து விழுந்தது. "நல்ல எடை" என்று என்னிடம் நீட்டினாள். பிறகு அந்தக் கவசத்தைத் தன் தலையில் போட்டுப் பார்த்து, "நெத்தியில அழுத்துதுங்க, காதுப் பக்கம் காத்து ஓடுது" என்றாள். மனிதத் தலை முன்பின் நீண்டது. உருண்டை நீண்டதல்ல. பூமியே முழு உருண்டை இல்லை என்று வருடாவருடம் வகுப்பில் முழங்கும் நான், கட்டிய மனைவியின் தலையை முழு உருண்டை என்று முடிவுகட்டிக் கடைக்குப் போயிருக்கிறேன். இதில் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்து முடித்துவிட்டு அடுத்த பத்திக்கு வாருங்கள்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். முதல் கவசம் தோற்றது. ஆனால் அவள், "மாத்திட்டு வந்துடுங்க, இந்த வாரம் முழுக்க டயம் இருக்கு" என்றாள். மாற்றினேன். இம்முறை கறுப்பு நிறம், முன்பின் நீண்டது. அதை வீட்டிலேயே சோதித்தேன். மூச்சு படிந்து வெளிக்கண்ணாடி மங்குகிறதா என்று பார்க்க, அதை அணிந்துகொண்டு விடைத்தாள் திருத்தினேன். மங்கவில்லை, மாணவர்கள் எழுதியிருந்தது தெளிவாகத் தெரிந்தது, தெரியாமல் இருந்திருக்கலாம். வார் தாடையில் அறுக்கவில்லை. குறை எதுவும் அகப்படாமல் வியாழக்கிழமை வந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: உண்மையான சூரியன், உண்மையான சாலை. சோதிக்காத கவசத்தை அவள் தலையில் வைக்க முடியாது. ஒரு தலையில் வைக்காமல் சோதிக்கவும் முடியாது. மிஞ்சியது என் தலை. வெள்ளிக்கிழமை விடியும்போது தலைக்கவசத்தை அணிந்துகொண்டு கிழக்குச் சாலையில் நடக்கத் தொடங்கினேன்.

வண்டியில்லாமல் தலைக்கவசம் மட்டும் அணிந்து ஒருவன் நடந்துபோனால் நம் மக்கள் அவனை நடக்க விடுவதில்லை. முதலில் ஸ்கூட்டரில் வந்த தம்பதி நின்றார்கள். "பெட்ரோல் தீந்துபோச்சா சார்?" இல்லை என்றேன். கவசத்துக்குள்ளிருந்து பேசினால் வெளியே கேட்பதில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். "அடுத்த வளைவுல பங்க் இருக்கு, தைரியமா போங்க" என்று போய்விட்டார்கள். பிறகு ஒரு லாரி ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, "வண்டிய தூக்கிட்டானுங்களா?" என்றார். கையை ஆட்டி மறுத்தேன். அதை அவர் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். "அழாதீங்க சார். போலீஸ்ல எழுதிக் குடுங்க, கெடச்சுடும்." காய்கறி ஏற்றிவந்த ஒருவர் எதுவும் கேட்காமல் ஒரு வாழைப்பழம் கொடுத்தார். முகம் முழுவதையும் மூடிய கவசத்தில் வாழைப்பழம் உண்ணும் வழி இல்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

சூரியன் எழுந்தான். நேர் எதிரே, நான் டார்ச் விளக்கால் காட்டிய அதே இடத்தில். கண் கூசி, எதிரே வந்த பால்வண்டி இருந்த இடம் வெறும் வெளிச்சமாகிவிட்டது. இடதுகைக் கட்டைவிரலால் கவசத்தின் ஓரத்திலிருந்த சிறு நெம்புகோலைத் தள்ளினேன். உள்கண்ணாடி இறங்கியது. சாலை திரும்பி வந்தது. ஓரத்துக் கோடு, குழி, குழியில் கிடந்த கல், பால்வண்டி ஓட்டுபவரின் மீசை வரைக்கும் தெரிந்தது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் பொய் எழுதிப் பழக்கமும் இல்லை.

அந்தச் சாலையில் ஒரு ரயில் பாலம் உண்டு. கூசும் வெயிலிலிருந்து சட்டென்று அதன் அடியில் நுழைந்தால் இருட்டு; உள்கண்ணாடியும் இறங்கியிருந்தால் அமாவாசை. நெம்புகோலைத் தேடினேன். கட்டைவிரலுக்குக் காற்றுத் துளை அகப்பட்டது. அதைத் திறந்து மூடிக்கொண்டிருக்கையில் பாலத்தின் தூண் வந்து என் நெற்றியில் மோதியது. அடி படவில்லை, கவசம் தன் கடமையைச் செய்தது. ஆயினும் உட்கார்ந்து யோசிப்பது நல்லது என்று பட்டதால் சாலையோரத்தில் உட்கார்ந்தேன். காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் ஆம்புலன்ஸ் அப்போதுதான் வரவேண்டுமா?

இருவர் இறங்கினார்கள். ஒருவர் என் கழுத்தின் இருபுறமும் கைவைத்தார். "அசைக்காதீங்க சார். வண்டி எங்க?"

உரக்கச் சொன்னேன். "வண்டி வீட்டில் இருக்கிறது."

மற்றவர் அதற்குள் பள்ளத்தில் இறங்கிப் புதருக்குள் வண்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"அப்போ எப்படி வந்தீங்க?"

"நடந்து வந்தேன்."

"ஹெல்மெட் போட்டுக்கிட்டா?"

"ஆம்."

"எதுக்கு சார்?"

"சூரியனுக்காக."

அவர் கீழே இருந்தவரைக் கூப்பிட்டார். "மேல வாப்பா. வண்டிய அப்புறம் தேடிக்கலாம். தலையில பலமா பட்டிருக்கு."

எனக்கு ஒன்றுமில்லை, நான் புவியியல் பேராசிரியன் என்றேன். "அப்படியே இருக்கட்டும் சார்" என்று என்னைப் பலகையில் படுக்கவைத்துக் கட்டினார்கள். அடிபட்டவன் தலையிலிருந்து கவசத்தைக் கண்டவர் கழற்றக்கூடாதாம், அது விதி. நான் எவ்வளவு தெளிவாகப் பேசினேனோ, அவ்வளவுக்கு அவர்கள் முகம் வாடியது. சரியான வாக்கியங்களில் பேசுவதை இந்தக் காலத்தில் மூளைக் கலக்கத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். கொண்டுபோன இடம் எது என்று நான் சொல்லவேண்டியதில்லை. கிழக்கே உள்ளது ஒரே மருத்துவமனை.

வீட்டு எண்ணைக் கேட்டு அழைத்தார்கள். நான் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். பேருந்தில்லாத சாலையில் அவள் எப்படி வருவாள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அறிவேன். நீங்கள் உயிராய்க் காதலித்த வண்டியல்லவா, எங்கள் திருமணத்துக்குப் பிறகு நடந்த எல்லா விசேஷத்துக்கும் அதில்தான் தாமதமாக வந்து இறங்கினீர்கள். கதவைத் திறந்துகொண்டு உங்கள் அக்கா வந்தாள். தலையில் வெள்ளை நிறத்தில், முகம் முழுவதையும் மூடிய ஒரு தலைக்கவசம். இடதுகைக் கட்டைவிரல், பார்க்காமல், தேடாமல், நெம்புகோலின்மேல் போய் உட்கார்ந்தது. உள்கண்ணாடி ஏறியது. உள்ளே அவள் கண்.

"நீங்க இவருக்கு யாரும்மா?" என்று அங்கிருந்த செவிலியர் கேட்டார். "கொஞ்சம் கொழம்பிப் பேசறார். சூரியனப் பாக்க வந்தேங்கறார்."

"இவருக்கு அடி எதுவும் இல்ல. இவர் எப்பவுமே இப்படித்தான் பேசுவார்" என்றாள்.

ஆயினும் விதி விதிதானே என்று அவளே முறைப்படி தொடங்கினாள். கட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது. "நீ தலைமாட்டுக்கு வா. நீ கழுத்தப் புடி, ரெண்டு கையும். நான் சொல்ற வரைக்கும் விடாத. தாடை வார இழுக்காத, கத்தரி" என்றாள். குரல் உயரவில்லை. அவர்கள் கேள்வி கேட்காமல் செய்தார்கள். பிடி சரிதானா என்று அந்தச் செவிலியர் நிமிர்ந்து பார்த்தபோது, "நல்லாத்தான் புடிச்சிருக்க" என்றாள்; அவர் மறுபடி குனிந்துகொண்டார். திங்கட்கிழமை சேரவேண்டியவள் வெள்ளிக்கிழமையே வேலையைத் தொடங்கியிருந்தாள். நான் கழுத்து அசையாமல் படுத்து அதைப் பார்த்தேன். வேறு எங்கும் திரும்ப முடியாத நிலையில் ஒருவன் தன் மனைவியை அவள் வேலையில் பார்ப்பது இதுதான் முதல் முறை. அதைப் பற்றி இங்கே மேலும் எழுத நான் விரும்பவில்லை.

மற்றவர்கள் போனபின், "இந்த வெள்ளைக் கவசம் எப்போது வந்தது?" என்று கேட்டேன்.

"ஓட்டக் கத்துக்க ஆரம்பிச்ச அன்னிக்கே. தம்பிதான் கூட்டிட்டுப் போய், என் தலையில போட்டுப் பாத்து வாங்கிக் குடுத்தான்."

"எங்கே இருந்தது?"

"சமையலறை மேல்தட்டுல. நீங்க அங்க கை வைக்க மாட்டீங்களே."

"பின்னே ஏன் என்னைத் தெருத்தெருவாகத் தேட விட்டாய்?"

"நீங்க தேடிட்டிருந்த வரைக்கும் போகாதேன்னு சொல்லல. அதான் விட்டேன்" என்றாள்.

இப்போது சொல்லுங்கள். என் மனைவியின் தலை அளவை நான் நாடாவால் அளக்கும் முன்பே நீங்கள் அறிந்திருக்கிறீர்கள். நான் உருண்டையைச் சுமந்து கடைக்குப் போன அன்று, அக்காவும் தம்பியும் தொலைபேசியில் என்ன பேசியிருப்பீர்கள் என்று நினைத்தால் எனக்கு உடம்பு குளிர்ந்துபோகிறது. என்னய்யா நினைத்துக்கொண்டிருக்கிறீர்? இந்த வீட்டில் நான் என்ன சுவரில் மாட்டிய வரைபடமா?

திரும்பி வர வேறு வழி இல்லை. "ஏறுங்க" என்றாள். ஏறினேன். வழி நெடுக நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எனவே அவள் ஓட்டும் திறமை பற்றிச் சாட்சி சொல்ல என்னால் இயலாது. பாலத்தின் அடியில் குளிர்ச்சி வந்துபோனது மட்டும் தெரிந்தது. எங்கும் மோதவில்லை.

என் முடிவுகள் பின்வருமாறு. இக்கடிதம் கண்டதும் நீங்கள் நேரில் வந்து வண்டியை எடுத்துப்போக வேண்டும். வெள்ளைத் தலைக்கவசத்தையும் எடுத்துப்போகலாம். இனி என் மனைவிக்கு எதையும், நீச்சல் உட்பட, எனக்குத் தெரியாமல் கற்றுத்தரக் கூடாது. அவள் வேலைக்குப் போகும் வழியை நான் பார்த்துக்கொள்வேன். எப்படி என்பதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் துணைவியாருக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், உங்களைப் பார்த்து எதையும் கற்காமல் இருக்கட்டும். உங்களுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும், அவசரமின்றி.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் அக்காவின் கணவன்

பி.கு.: மாப்பிள்ளை, இதைத் தபாலில் சேர்க்கத் தாமதமாகிவிட்டது. இன்று திங்கட்கிழமை. வண்டியை எடுத்துப்போக வரவேண்டாம். அது வேலைக்குப் போயிருக்கிறது. போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தியும் வந்துவிட்டது. அங்கே எல்லாரும் என் கழுத்து எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்களாம். அடுத்த மாதம் அவளுக்கு இரவுப்பணி வரும். அலுத்துக் களைத்துத் திரும்பும்போது அவள் பின்னால் உட்கார்ந்து வரவேண்டும், வேறு யாராவது ஓட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பள்ளி மைதானத்துக்கு வாருங்கள். நான் வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறேன். மோட்டார் சைக்கிளை எடுத்த எடுப்பிலேயே தொட வேண்டாம். முதலில் ஒரு சைக்கிள் கொண்டுவாருங்கள். எனக்கு அதுவும் தெரியாது. உங்கள் அக்காவிடம் மூச்சு விடவேண்டாம்.